கூட்டம் கலைந்த பிறகு: பியர்-டு-பியர் வலையும் சொந்தத் தயாரிப்புப் பதிவுகளும்

2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வசித்த ராப் டொபோல்ஸ்கி என்ற வலைப்பின்னல் பொறியாளர், தன்னிடமிருந்த பழைய பார்பர்ஷாப் குவார்ட்டெட் பாடல்களை, பயனர்களின் கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் வலை வழியாகப் பிறருக்குத் தர முயன்றார். பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள் இணைந்து பாடும் அமெரிக்க மரபு அது. பதிப்புரிமைக் காலம் கடந்த அந்தப் பாடல்களைக் கேட்க விரும்புவோர் ஊர் ஊராகச் சிதறியிருந்தார்கள். ஆனால் கோப்புகள் போய்ச் சேரவில்லை. தன் கணினிக்கு வந்துபோகும் தரவுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அவருடைய இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் நடுவில் புகுந்து, 'இணைப்பை முறித்துக்கொள்' என்ற கட்டளையை இரு முனைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டளை எதிர்முனையிலிருந்து வந்ததுபோலவே போலியாக வடிவமைக்கப்பட்டிருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கிங் ஜேம்ஸ் பைபிளின் கோப்பொன்றை அனுப்பிப் பார்த்து இதை உறுதிசெய்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் காம்காஸ்டைக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தரவையும் சமமாக நடத்த வேண்டும் என்ற வலைச் சமநிலை விவாதத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இந்த வழக்கு பல நூல்களில் இடம்பெறுகிறது. அதில் புதைந்திருக்கும் ஒரு நுட்பச் செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆணையத்துக்கு அளித்த விளக்கத்தில், ஒருதிசைப் பதிவேற்றங்களைத்தான் கட்டுப்படுத்தியதாகக் காம்காஸ்ட் கூறியது. பெற்றுக்கொண்டே கொடுப்பவருக்குத் தடையில்லை. கொடுப்பதை மட்டுமே செய்துகொண்டிருப்பவரின் இணைப்புதான் முறிக்கப்பட்டது. தானே ஒரு பதிவைச் செய்து, தானே அதை உலகுக்குத் தர நினைக்கும் எவரும் இந்த இரண்டாம் வகையில்தான் வருவார்.

கேள்வியும் அதன் எல்லையும்

திரைத்துறையும் இசைத்துறையும் சாராமல் தனிமனிதர்களும் சிறு குழுக்களும் உருவாக்கும் ஒலி, ஒளிப் பதிவுகளைப் பரப்ப பியர்-டு-பியர் ஏற்ற வழியாக இருந்ததா? இருந்ததென்றால் ஏன் நிலைக்கவில்லை? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான். வீட்டுக் கணினியில் உருவாகும் படம், ரசிகர் தம் கருவியில் பதிவுசெய்த கச்சேரி, நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் தொடர் ஆகியவற்றைச் 'சொந்தத் தயாரிப்பு' என்ற பெயரில் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன்.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. பியர்-டு-பியர் என்பது அடிப்படையில் திருட்டுக்கான கருவி, சொந்தத் தயாரிப்பெல்லாம் அதை நியாயப்படுத்தச் சொல்லப்படும் சாக்கு என்பது முதலாவது. நல்லதொரு கருவி கைக்கு வந்தது, எளிமையில் அதை மிஞ்சிய யூடியூப் வந்ததும் ஓய்ந்துவிட்டது என்பது இரண்டாவது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே, ஒரு சொந்தத் தயாரிப்புக்கு என்ன தேவை என்பதைக் கேட்காமல் கருவியிலிருந்தே தொடங்குகின்றன. என் வாதம் இது: பியர்-டு-பியர் தீர்த்துவைத்தது நெரிசல் என்னும் சிக்கலை. சொந்தத் தயாரிப்பின் சிக்கலோ பெரும்பாலும் நெரிசலின்மை. ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வந்து குவிவது அதற்கு அரிது. பத்தாண்டில் அவ்வப்போது ஒருவர் தேடி வருவதே இயல்பு. அந்த ஒருவர் வரும்வரை கோப்போடு காத்திருப்பவர் யார்?

துண்டுகளின் கணக்கு

1999இல் தொடங்கிய இசைப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டரில் கோப்புகள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. நீதிமன்ற ஆணைக்குப் பின் 2001 ஜூலையில் அது நின்றது. அதே மாதத்தில் பிராம் கோஹன், கோப்பைத் துண்டுகளாக்கிப் பகிரும் பிட்டோரன்ட் மென்பொருளை வெளியிட்டார்.

700 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிடியில் அடங்கும் அளவு அது. 256 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்தால் 2,800 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் நீளமுள்ள ஒரு கைரேகை கணக்கிடப்படும். கைரேகைகள் எல்லாம் சேர்ந்து 56,000 பைட். படத்தை வெளியிடுபவர் வலையில் வைக்க வேண்டியது, கைரேகைகள் அடங்கிய, 'டோரன்ட்' எனப்படும் இந்தச் சிறு கோப்பை மட்டுமே. துண்டுகளைப் பெறுபவர்கள் அவற்றைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். யாரிடமும் அதிகமில்லாத துண்டை முதலில் வாங்குவது, தனக்குத் தருபவருக்கு முன்னுரிமை தந்து திருப்பித் தருவது என்ற இரு விதிகள் பரிமாற்றத்தை நடத்துகின்றன.

இதே படத்தைப் பத்தாயிரம் பேர் சர்வரிலிருந்து நேரடியாக இறக்கினால் ஏறக்குறைய 7 டெராபைட் அலைவரிசைக்கு ஒருவரே பணம் கட்ட வேண்டும். 2001இல் எந்தத் தனிமனிதராலும் அது முடிகிற காரியமில்லை. அந்த அளவில் கோஹனின் தீர்வு அசாதாரணமானது.

ஆனால் பத்தாயிரம் பேர் இல்லாமல் பத்துப் பேர் மட்டும் வந்தால்? 2004ஆம் ஆண்டு இந்திய அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் பதிவிறக்க வேகத்தையே 'பிராட்பேண்ட்' என்று வரையறுத்தது; 2013இல்தான் அது 512 ஆனது. பதிவேற்றத்துக்கும் 256 கிலோபிட் முழுமையாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், 700 மெகாபைட் படத்தின் ஒரு முழுப் பிரதி வீட்டைவிட்டு வெளியேற ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். நடைமுறையில் ஒரே துண்டு பலருக்குத் திரும்பத் திரும்பப் போவதால், வெளியே இரண்டாவது முழுப் பிரதி உருவாவதற்குள் வெளியிட்டவர் கோப்பின் அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம்! பிட்டோர்னேடோ மென்பொருளில் ஜான் ஹாஃப்மன் சேர்த்த 'சூப்பர்-சீடிங்' முறை இதை ஏறத்தாழ 105 சதவீதமாகக் குறைத்தது. குறைந்த வேகத்தில் சொந்தக் கோப்பைப் பரப்புகிறவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அரிதான மேம்பாடுகளில் ஒன்று அது.

முதல் பிரதி வெளியேறிய பிறகும் வேலை முடியவில்லை. முழுக் கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு பிறருக்குத் தருவதைத்தான் 'சீட்' செய்வது என்கிறார்கள். கோஹனின் கொடுக்கல்வாங்கல் விதி, ஒருவர் கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். முழுமையாகக் கிடைத்துவிட்டால், தொடர்ந்து கொடுப்பதற்கு அந்த விதிக்குள் எந்த ஊக்கமும் கிடையாது. அதன்பின் கொடுப்பவர் நல்லெண்ணத்தால் கொடுக்கிறார். 2010இல் 46,000 டோரன்ட்டுகளை ஆராய்ந்த செபாஸ்டியன் கௌன் குழுவினர், அவற்றில் 38 சதவீதம் முதல் மாதத்துக்குள்ளேயே கிடைக்காமல் போய்விட்டதைக் கண்டார்கள். மேலும் நுட்பமான ஒன்றும் அவர்களுடைய ஆய்வில் வெளிப்பட்டது: கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சுழற்சியாக நிகழ்கிறது. போனது சில வேளை திரும்புகிறது, யாரோ கணினியைத் திறந்து வைக்கும்போது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு படத்துக்கு இது சிறு தாமதம். நாற்பது பேர் மட்டும் பார்த்த குறும்படத்துக்கு மரணம் என்றே சொல்லலாம்.

பத்தா, ஒன்றா?

திருட்டுக்கான கருவி என்ற விடைக்கு ஆதரவாக எண்கள் உண்டு. அவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

2005 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குரோக்ஸ்டர் முதலிய பியர்-டு-பியர் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீபன் பிரையர் தம் தனிக்கருத்தில், வலையிலிருந்த கோப்புகளில் 75 சதவீதம் உரிமை மீறியவை, மேலும் 15 சதவீதம் மீறியிருக்கக்கூடியவை என்ற நிபுணர் சாட்சியத்தை எடுத்துக்கொண்டு, மீதி ஏறக்குறைய 10 சதவீதம் என்று கணக்கிட்டார். 1984இல் சோனி வீடியோ பதிவுக் கருவியைச் சட்டபூர்வமானது என்று அதே நீதிமன்றம் ஏற்றபோது முன்னிருந்த எண் சுமார் 9 சதவீதம் என்பதையும் நினைவூட்டினார். அந்தப் பத்துக்குள் என்னென்ன இருந்தன என்பதையும் அவர் அடுக்குகிறார். கலைஞர்களே அனுமதித்த நேரடிக் கச்சேரிப் பதிவுகள் அவற்றில் அடக்கம். ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த விகிதத்தின் மேல் நிற்கவில்லை. உரிமை மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு அந்நிறுவனங்கள் செயல்பட்டன என்பதன் மேல் நின்றது.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபெல்டனின் வழிகாட்டலில் ஒரு மாணவர் 1,021 பிட்டோரன்ட் கோப்புகளை மாதிரியாக எடுத்துப் பார்த்தார். உரிமை மீறாதவை என்று தோன்றியவை 10. அதாவது சுமார் ஒரு சதவீதம்.

பத்து ஒன்றாகச் சுருங்கிவிட்டது என்று இதைப் படிப்பது பிழை. முதலாவது குரோக்ஸ்டர் வழக்கின் வலை. இரண்டாவது, பிட்டோரன்ட்டில் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் சர்வர் இல்லாமலே கோப்பைத் தேட உதவும் பொது அட்டவணையிலிருந்து எடுத்த மாதிரி. அந்த முறையில் தங்கள் டிராக்கருக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளும் சமூகங்கள் சிக்குவது கடினம். சொந்தத் தயாரிப்பு நன்றாக வாழ்ந்ததும் அத்தகைய இடங்களில்தான். இந்த எண்கள் பொதுவெளிக் கூட்டத்தைப் பற்றிச் சரியாகவே சொல்கின்றன என்று ஏற்கிறேன். சிறு குழுக்களைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை.

கச்சேரியைப் பதிவுசெய்தவர்கள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவுசெய்ய இடம் கொடுத்தது. 1984இல் அரங்கில் அவர்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியது. உயரமான தண்டுகளில் மைக்குகளைக் கட்டி, கேசட்டிலும் பின்னர் டிஜிட்டல் நாடாவிலும் பதிவுசெய்தார்கள். ஒருவர் தம் நாடாவைச் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் ஒவ்வொருவரும் பிரதியெடுத்து மேலும் சிலருக்கு அனுப்புவார்கள். வேர், கிளை, இலை என்று பெயரிட்டு, யார் யாருக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்ட மரம் அது. காசு வாங்கக் கூடாது. வெற்று நாடாவும் தபால்தலையும் மட்டும் அனுப்பினால் போதும்.

1998இல் உருவான ஈட்ரீ என்ற ரசிகர் சமூகம் இந்த மரத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இழப்பில்லாத ஒலிவடிவத்தை மட்டுமே ஏற்றதால் கோப்புகள் பெரிதாயின. எம்பி3 வழியே சுருக்குவதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிட்டோரன்ட் வந்ததும் அதை முதலில் பயன்படுத்திய சமூகங்களில் அதுவும் ஒன்று. வேரும் கிளையும் அவர்களிடம் ஏற்கனவே இருந்தன. மென்பொருள் அவற்றின் வேகத்தைக் கூட்டியது.

அவர்கள் பகிர்ந்த ஒரு கச்சேரிப் பொட்டலத்தைத் திறந்து பார்த்தால் பாடல் கோப்புகளோடு எளிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். குழுவின் பெயர், நாள், ஊர், அரங்கம். எந்த மைக், அரங்கில் எந்த இடத்தில் நின்றது, அங்கிருந்து எந்தக் கருவி வழியாக எந்த நாடாவுக்குப் போனது, அதைக் கணினிக்கு மாற்றியவர் யார். பிறகு பாடல் வரிசை. எந்தப் பாடலின் நடுவில் நாடா மாற்றப்பட்டது, எங்கே சில நொடிகள் விடுபட்டன என்ற ஒப்புதல்கள். கூடவே ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் அடங்கிய இன்னொரு கோப்பு. பெறுபவர் ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். சுவடியைப் பிரதிசெய்தவர் இறுதியில் தம் பெயரையும் நாளையும் எழுதிவைக்கும் நம் மரபின் பொறுப்புணர்வை இதில் காண்கிறேன். பிட்டோரன்ட்டின் நெறிமுறையில் இவ்வளவும் கேட்கப்படவில்லை. சமூகம் கேட்டது.

இங்கேதான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நெறிமுறை தராத ஊக்கத்தை இந்தக் குழுவின் ஒழுக்கம் தந்தது. கேட்டு முடித்த பிறகும் பதிவை வைத்திருப்பதும், யாராவது கேட்டால் மீண்டும் சீட் செய்வதும் அங்கே நற்பெயருக்குரிய செயல்கள். அப்படியிருந்தும் அவர்கள் கூட்டத்தை மட்டும் நம்பவில்லை. 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துடன் சேர்ந்து நேரடி இசைக் காப்பகத்தைத் தொடங்கி, அனுமதி தந்த குழுக்களின் பதிவுகளை ஒரு நிலையான இடத்தில் சேர்த்தார்கள். நிலையான இடத்துக்கும் அதற்கேயுரிய ஆபத்து உண்டு. 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட் தரப்பின் வேண்டுகோளின்படி, ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுகளைப் பதிவிறக்கும் வசதி அங்கே நிறுத்தப்பட்டது. கேட்க மட்டும் முடிந்தது. ரசிகர்கள் அரங்கிலிருந்து தாமே எடுத்த பதிவுகளுக்கும் முதலில் நின்றுபோன அந்த வசதி பின்னர் திரும்பியது. ஒரே முடிவில் ஒரு சேகரிப்பின் பெரும்பகுதி கைக்கெட்டாமல் போகலாம் என்பதும், வீடுகளில் பிரதிகள் இருந்தவர்களை அது பாதிக்கவில்லை என்பதும் அந்த வாரத்தில் ஒருசேர விளங்கின.

திரைக்குப் போன முயற்சிகள்

ஒளிப்பதிவுகளில் இப்படியொரு மரபு முன்னரே இருக்கவில்லை. அதைக் கட்ட முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் டவுன்ஹில் பேட்டில் குழு 2004இல் பிளாக் டோரன்ட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. சாதாரண வலைத்தளம் வைத்திருப்பவரும் தம் வீடியோவை எளிதில் டோரன்ட்டாக வெளியிட உதவுவது அதன் நோக்கம். அதே வட்டத்திலிருந்து 2006இல் டெமாக்ரசி பிளேயர் வந்தது, அடுத்த ஆண்டு மீரோ என்று பெயர் மாறியது. பிடித்த தொடருக்குச் சந்தாதாரராகிவிட்டால் புதிய பகுதி தானாகவே டோரன்ட் வழியாக இறங்கும். சந்தாதாரர்களே சீட் செய்யும் குழுவாகவும் ஆவார்கள் என்ற எண்ணம் சிறப்பானது.

அதற்குள் யூடியூப் வந்துவிட்டது: 2005 ஏப்ரலில் முதல் வீடியோ, 2006 அக்டோபரில் 165 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கிய அறிவிப்பு. எளிமையால் அது வென்றது என்பது சரிதான், ஆனால் எந்த எளிமை? சூப்பர்-சீடிங் இருந்தால் பதிவேற்றும் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்; அதே 256 கிலோபிட், அதே ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்பதே வேறுபாடு. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்களில் தமிழகத்தின் சிற்றூர் ஒன்றில் கணினி வைத்திருந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காத்திருக்கும் பொறுப்பை யூடியூப் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக விளம்பரத்தையும் நீக்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டது.

நீளமான படங்களுக்கு மட்டும் சில ஆண்டுகள் டோரன்ட்டுக்குக் காரணம் எஞ்சியிருந்தது. 2006 மார்ச் முதல் யூடியூப் பத்து நிமிட வரம்பை வைத்திருந்தது. 2010இல்தான் அது தளர்ந்தது. பின்லாந்தில் சமுலி டோர்சனனும் நண்பர்களும் ஏழாண்டு உழைத்து எடுத்த ஸ்டார் ரெக் என்ற முழுநீள விண்வெளிப் பகடி 2005 அக்டோபர் 1 அன்று வலையில் இலவசமாக வெளியானது. நீனா பேலி தம் வீட்டுக் கணினியில் தனியாக வரைந்து முடித்த ராமாயண அனிமேஷன் படமான 'சீதா சிங்ஸ் தி புளூஸ்' 2009இல் டோரன்ட் உட்படப் பல வழிகளில் திறந்த உரிமத்துடன் வந்தது. கணவரின் வேலைக்காகத் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தபோது அவருக்கு ராமாயணத்தின் மேல் ஈடுபாடு பிறந்தது. அதில் ஒலிக்கும் 1920களின் பாடல்களுக்காக அவர் 50,000 டாலர் செலுத்த நேர்ந்தது, தனிமனிதத் தயாரிப்பு உரிமைச் சட்டத்தோடு மோதும் இடத்தைக் காட்டுகிறது. 2010இல் சுமார் 6,000 டாலர் திரட்டி எடுத்த முதல் பகுதியோடு தொடங்கிய 'பயனியர் ஒன்' தொடரை, ஜேமி கிங் நிறுவிய வோடோ அமைப்பு டோரன்ட் தளங்களின் முகப்பில் வைக்க ஏற்பாடு செய்தது. மூன்றும் வெற்றிகள். மூன்றிலுமே, முதல் நாளிலேயே கூட்டத்தைத் திரட்டித்தர யாரோ இருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்த ஆணைகள்

தமிழில் 'டோரன்ட்' என்றால் வெள்ளிக்கிழமை வெளியான படம் சனிக்கிழமை கிடைப்பது என்றே பொருளாகிவிட்டது. திருட்டுப் படங்களை வெளியிட்ட தமிழ்ராக்கர்ஸ் போன்றவர்களின் பெயர் படைத்த அந்தப் பொருளுக்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. 2012இல் '3' உள்ளிட்ட படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற, பெயர் தெரியாதோருக்கு எதிரான ஆணையை வைத்து, மே மாதத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் டோரன்ட் தளமான பைரேட் பே மட்டுமின்றி விமியோ, டெய்லிமோஷன் ஆகிய தளங்களையும் முழுவதுமாக மூடின. விமியோ குறும்பட இயக்குநர்கள் தம் படங்களை வைக்கும் இடம். ஜூனில் அதே நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில் மீண்டும், இந்திப் படங்கள் தொடர்பான சென்னை ஆணைகளின் கீழ் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டபோது, இன்டர்நெட் ஆர்க்கைவும் அவற்றுள் சிக்கியது.

தயாரிப்பாளர்களின் இழப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் காம்காஸ்டின் போலிக் கட்டளையும் இந்த முழுத்தள முடக்கங்களும் ஒரே வகைப் பிழை. அடுத்தவர் படத்தை விநியோகிப்பவரையும் தன் படத்தைத் தருபவரையும் பிரித்தறியும் முயற்சியே இரண்டிலும் இல்லை. முன்னவருக்கு மாற்றுமுகவரி ஒரே இரவில் கிடைத்துவிடும். பின்னவர் தம் படத்தின் ஒரே முகவரியை இழக்கிறார்.

காப்பகமும் பிரதியும்

2012 ஆகஸ்டில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடமுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளுக்கு டோரன்ட் வழியைத் திறந்தது. கூட்டம் இருந்தால் அவர்களிடமிருந்து இறங்கும். ஒருவருமே இல்லாவிட்டால் ஆர்க்கைவின் சர்வரே சீட் செய்யும். கௌன் குழு கண்ட 38 சதவீதச் சிக்கலுக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சரியான பதில் இதுதான். நெரிசலைப் பியர்-டு-பியர் பார்த்துக்கொள்கிறது, காத்திருப்பை நிறுவனம் ஏற்கிறது. நிறுவனம் முடக்கப்பட்டாலும் வீடுகளிலுள்ள பிரதிகள் தம்முள் பேசிக்கொள்ள முடியும்.

பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு 2018இல் வெளியிட்ட பியர்டியூப் இன்னொரு பாதையை எடுத்தது. பலர் தனித்தனியே நடத்தும் சிறு வீடியோ சர்வர்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் உலாவிகள் துண்டுகளைத் தமக்குள் பகிர்கின்றன. 2023இல் வந்த ஆறாம் பதிப்பில், அதற்கு முன் பயன்பட்ட, உலாவிக்கான டோரன்ட் முறையான வெப்டோரன்ட் கைவிடப்பட்டு, பார்வையாளர்களிடையே பகிர்வு வேறு தொழில்நுட்பத்தில் தொடர்கிறது. என் கேள்விக்கு இதைவிட முக்கியமானது, ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் வீடியோக்களுக்குப் பிரதி வைத்திருக்கும் ஏற்பாடு. எதைப் பிரதியெடுப்பது என்று முடிவுசெய்ய அதன் அமைப்புக்கோப்பு மூன்று வழிகளைத் தருகிறது: அதிகம் பார்க்கப்பட்டவை, இப்போது பரவலாகப் பார்க்கப்படுபவை, குறைந்தபட்சப் பார்வைகளைக் கடந்த புதியவை. மூன்றும் கூட்டத்தின் பின்னால் போகின்றன. குறிப்பிட்ட ஒரு வீடியோவைக் கையாலேயே தேர்ந்து பிரதி வைக்கும் வசதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. யாரும் பார்க்காத ஒரு பதிவுக்கு இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் அங்கே இன்றைக்கு அந்த வழிதான் இருக்கிறது. வேறொரு சர்வரை நடத்தும் ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்து, வைத்திருக்கலாம் என்று முடிவுசெய்து, தம் வட்டில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.